வழியனுப்பு ஜெபம்

"கிளம்புமுன்ன ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கிடுவோம்" என்று துரைசிங் அண்ணாச்சி சொல்ல, பிரின்சிபால் அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். சின்ன ஜெபமாம். சின்ன ஜெபம் என்று ஆரம்பித்துச் சின்னதாக முடிந்த ஜெபத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. டீ இப்போதுதான் வந்தது, யாரும் தொடவில்லை, இனி ஆடை கட்டிக் கிடக்கும். அவர் எழுந்தே நின்றுவிட்டார், நாங்களும் எழுந்தோம், அப்படியென்றால் நீளம்தான். "எங்கள் அன்பின் பரம தகப்பனே" என்கிறார். நல்ல குரல். அதை இல்லை என்று சொல்ல முடியாது, மைக் இல்லாமலே கோயிலின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல், கேட்டால் யாருக்கும் நெஞ்சு இளகும். உபதேசியார் யோவேலுக்கு இப்போதே இளகிவிட்டது, மூக்கை உறிஞ்சுகிறார். அவர் தன் மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். மகள் எப்சிபா, இரண்டாம் வருஷம் வேதியியல், எனக்கு நேர் எதிரே நிற்கிறாள், காலடியில் ஜிப் போன நீலப் பை. பிள்ளைக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நாள் வீட்டில் வைத்து ஜெபித்தால் சரியாகிவிடும், அதுதான் பேச்சு. பஸ்ஸில் இல்லை, துரைசிங் அண்ணாச்சியின் காரில். ஏனென்றால் அண்ணாச்சி உபதேசியாருடைய சபையின் மூப்பர், எங்கள் கல்லூரிக் கமிட்டியில் மெம்பர், உபதேசியார் குடியிருக்கிற கோயில் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், கூப்பிடாமலே வந்து உதவுகிற மனுஷர். எப்சிபா வீட்டுக்குப் போகப் பயப்படுவது இந்த மனுஷருக்குத்தான். அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், கல்லூரிக் கவுன்சிலர் என்று சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரியும். பிரின்சிபாலுக்கும் தகப்பனுக்கும் தெரியாது. இந்த ஜெபம் முடிந்ததும் கார் கிளம்பிவிடும்.

சொல்ல வேண்டும். ஜெபம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது, நடுவில் கையைத் தூக்கி ஒரு நிமிஷம் அண்ணாச்சி என்பதா. எங்கள் ஜனத்தில் ஜெபத்தை யாரும் குறுக்கே வெட்டமாட்டார்கள். வீடு தீப்பிடித்தாலும் ஆமென் சொன்ன பிறகுதான் வாளியைத் தேடுவோம். சின்ன வயசில் ஒருநாள் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அப்பா ஊரில் உள்ள விதவைகள், அநாதைகள், வெளிநாட்டு மிஷனெரிகள் என்று ஒவ்வொருவராக நினைவுகூர்ந்துகொண்டிருக்க, அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டு நான் கண்ணைத் திறந்தேன். அம்மாவும் திறந்துதான் இருந்தாள். பால் வழிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். தீய்ந்த வாடை வீடு பூராவும், அப்பா ஜெபத்தில் சீனாவுக்குப் போயிருந்தார். அந்த வாடை இப்போதும் மூக்கில் வருகிறது, இல்லை, இது துரைசிங் அண்ணாச்சி சட்டையில் அடித்திருக்கிற சென்ட். காலில் செருப்பு கடிக்கிறது. ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச். இப்போது அவர் கடந்த நாட்களெல்லாம் காத்து வந்ததற்காக நன்றி சொல்கிறார். நன்றிப் பகுதி முடிந்து, பாவ அறிக்கை முடிந்து, விண்ணப்பத்துக்கு வந்து, அதிலும் முதலில் கல்லூரி, பிறகு சபை, பிறகுதான் பிரயாணம். நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்று நினைத்து நினைத்தேதான் இங்கே வந்து நிற்கிறேன்.

கண்ணை மூடாத பிள்ளை என்றுதான் அவளை என்னிடம் அனுப்பினார்கள். கேட்டால் சிரிப்பு வரும். மற்ற கல்லூரிகளில் பிள்ளைகளைக் கவுன்சிலரிடம் அனுப்ப ஆயிரம் காரணம் இருக்கும், எங்களிடம் இதுவும் ஒன்று. காலை சேப்பலில் எல்லோரும் கண்மூடி நிற்கையில் இவள் மட்டும் விழித்துக்கொண்டு நிற்கிறாள், அதுவும் உபதேசியார் மகள், மற்ற பிள்ளைகளுக்கு இடறலாக இருக்கிறாள் என்று ஹாஸ்டல் வார்டன் புகார். இவள் கண்ணை மூடவில்லை என்று பார்த்தவர்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்று அப்போதே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எதிரே உட்கார வைத்தேன். முதல் சில தடவை வாயே திறக்கவில்லை, மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மணி அடித்ததும் போய்விடுவாள். நானும் விடவில்லை, படித்த படிப்பு அப்படி. மௌனத்துக்குப் பக்கத்தில் உட்காரத் தெரிய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சொல்வார். உட்கார்ந்தேன். ஒரு நாள் மழை, கரண்ட் இல்லை, அறை இருட்டாக இருந்தது, அதனால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். "அம்மா செத்ததுக்குப் பொறவு அண்ணாச்சி எனக்காக ஜெபிக்க வருவாவ மேடம். தலையில கை வச்சு ஜெபிப்பாவ. கண்ண மூடிக்கம்மா, நல்லா மூடிக்கம்பாவ. நானும் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன், முதல்ல. கை தலையிலயே நிக்காது மேடம்." அப்பா எங்கே இருப்பார் என்று கேட்டேன். "வாசல்ல நிப்பாவ. யாரும் வந்து ஜெபத்தக் கலைச்சிரக் கூடாதுன்னு." அழவில்லை. பத்தொன்பது வயசுப் பிள்ளை, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "இது எங்கப்பாட்ட மட்டும் போயிரக் கூடாது மேடம். தெரிஞ்சா அவுக உயிரோட இருக்க மாட்டாவ. நீங்க யார்ட்டயும் சொல்ல மாட்டீயள்லா?" சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்து என்ன செய்யலாம் என்று ரெண்டு பேரும் யோசிப்போம், நீ தனியாக இல்லை என்றேன். அந்தச் சொல்லை நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், நீ தனியாக இல்லை, வாய்க்குப் பழகிப்போன சொல்.

இப்போது கல்லூரிக்காக ஜெபிக்கிறார். ஸ்தாபித்த பெரியோர்களுக்காக. கட்டிட நிதிக்காக. வெள்ளிக்கிழமை மட்டும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு உபவாச ஜெபம், உபவாசம் என்றால் ஜெபம் முடிந்து உளுந்தவடை வரும் வரைக்கும் உபவாசம். வட்டமாக நாற்காலி போட்டு ஒவ்வொருவரும் ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருத்தி மகனுக்கு விசா, ஒருத்தி நாத்தனாருக்கு மாப்பிள்ளை அமையவில்லை. என் முறை வரும்போதெல்லாம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. புருஷன் மஸ்கட்டில், மாசாமாசம் ஃபோன், மகள் ஷெரின் நன்றாகப் படிக்கிறாள். எங்களுக்குள் பாரம் என்று ஒரு சொல் உண்டு, இந்தப் பிள்ளைக்காக எனக்கு ஒரு பாரம் இருக்கு என்று ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் அவளை ஒரு படி மேலே வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே பாரம் இருந்தது, ராத்திரி தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. ஆனால் அது மட்டும்தானா. இல்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது, உங்கள் மூட்டுவலியைவிடப் பெரியது என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. பேர் சொல்லவில்லை. பேர் சொல்ல விரும்பவில்லை, ரெண்டாம் வருஷப் பிள்ளை ஒன்று, தாய் இல்லை, வீட்டுக்குப் போகப் பயப்படுது, கிறிஸ்மஸ் லீவுக்குக்கூட ஹாஸ்டலிலேயே இருக்கிறேன் என்று கெஞ்சுது, என்னிடம் மட்டும் சில காரியங்களைச் சொல்லியிருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் சொன்னேன். எல்லோரும் ச்சு என்றார்கள். அத்தோடு விட்டிருந்தாலும் போயிற்று. லைப்ரரி வயலட் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்த ஊர்ப் பிள்ளை பியூலா? ஊரைச் சொன்னா இன்னும் கொஞ்சம் பாரத்தோட ஜெபிக்கலாம்லா" என்றாள். ஜெபத்துக்கு விவரம் வேண்டும், விவரம் இல்லாமல் பொத்தாம்பொதுவாக ஜெபிக்கக் கூடாது என்று நாங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தேரிக்காட்டுப் பக்கம், உபதேசியார் மகள் என்றேன். வயலட் டீச்சர் துரைசிங் அண்ணாச்சியின் மச்சினி. அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை என்று இந்த மூன்று நாளாக என்னிடமே சொல்லிப் பார்க்கிறேன். வயலட் டீச்சர்தான் அன்றைக்கு அவளுக்காக ஜெபித்தாள், கண்ணீர் விட்டு ஜெபித்தாள், நானும் அழுதேன், பிறகு வடை வந்தது, சாப்பிட்டேன்.

"இந்தப் பிள்ளையின் இருதயத்திலே சத்துரு விதைச்ச பொய்யான நினைவுகளையெல்லாம் வேரோடே பிடுங்கிப்போடும் ஆண்டவரே." வந்துவிட்டார், பிள்ளைக்கு வந்துவிட்டார், நான் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இவளுடைய வாய்க்குக் காவல் வையும்." உபதேசியார் ஆமா ஆண்டவரே, ஆமா ஆண்டவரே என்று கூடவே முனகுகிறார். பாவம் மனுஷன், சட்டைக் காலர் கிழிந்து திருப்பித் தைத்திருக்கிறது. வேலை சபை கொடுத்தது, வீடு சபை கொடுத்தது, சபை என்றால் அங்கே துரைசிங்தான். ஒருவேளை தெரியுமோ. வாசலில் நின்ற மனுஷனுக்கு ஒன்றுமே தெரியாமலா இருக்கும். சீ, அப்படி நினைக்காதே, அப்படியும் இருந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் யார் மிச்சம். நான் மிச்சம். நன்றாக இருக்கிறது. மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறோம், மாணவியருக்குத் தொல்லை நேர்ந்தால் தெரிவிக்க வேண்டியவர்கள் என்று, அதில் இரண்டாவது பேர் என்னுடையது, ஃபோன் நம்பரோடு. எந்த ரகசியத்தைக் காக்கலாம், எந்த ரகசியத்தைக் காக்கவே கூடாது என்று நான் வருஷாவருஷம் புது டீச்சர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைக்கு ஆபத்து என்றால் வாக்குக் கொடுத்திருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லி, கரும்பலகையில் அடிக்கோடு வேறு போடுவேன். வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் திறந்துவிட்டு, திறந்தே ஆக வேண்டிய இடத்தில் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன். "இந்தக் கல்லூரியிலே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லுகிற எங்கள் சகோதரிக்காகவும் ஜெபிக்கிறோம் தகப்பனே." என்னையா. "சகோதரி பியூலாவுக்கு நிதானத்தைக் கொடும். தூரதேசத்திலே உழைக்கிற புருஷனைக் காத்துக்கொள்ளும். எட்டாம் வகுப்பிலே படிக்கிற மகள் ஷெரினை ஒரு தீங்கும் அணுகாதபடி காத்துக்கொள்ளும். வருகிற ஜூனிலே இவர்களுடைய வேலைக் காரியம் கமிட்டிக்கு வரும்போது நீரே முன்நின்று நடத்தும்." ஷெரின் எத்தனாவது படிக்கிறாள் என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும். பிரின்சிபால் உருக்கமாக ஆமென் என்கிறார், என் மகளுக்காக ஒரு மூப்பர் ஜெபித்துவிட்டார் என்று அவருக்குச் சந்தோஷம்.

காலையில் சொல்லியிருக்கலாம். காலையில் பிரின்சிபால் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எப்சிபாவக் கூட்டிட்டுப் போக அவ அப்பா வாராரு, துரைசிங் அண்ணாச்சியும் கூட வாராராம், நீங்களும் இருங்க" என்றபோது அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தானே ஹாஸ்டலுக்குக் கஞ்சி கொண்டுபோகிற ஆள். "இப்ப அனுப்ப வேண்டாம்னு நெனைக்கேன் மேடம்" என்றேன். ஏன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. "அவளுக்கு வீட்டுக்குப் போகக் கொஞ்சம் பயம் இருக்கு." கொஞ்சமாம். எதற்கு அந்தக் கொஞ்சம். "பயத்துக்குத்தானம்மா ஜெபம்" என்று அவர் சிரித்தார், ஃபோன் அடித்தது, எடுத்துவிட்டார், நான் நின்றேன், அவர் பேசிக்கொண்டே கையைக் காட்டினார், வந்துவிட்டேன். ஃபோன் அடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா. சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன். கமிட்டி மெம்பரைப் பற்றி, அத்தாட்சி என்ன என்றால் இருட்டறையில் ஒரு பிள்ளை சொன்னது, அவளே இப்போது கேட்டால் இல்லை என்பாள், எதற்கு ஆமாம் என்பாள், யாரை நம்பி. என் அறைக்குத் திரும்பினால் கதவுக்கு வெளியே எப்சிபா நிற்கிறாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், திட்டியிருந்தால் காலில்கூட விழுந்திருப்பேன். ரொம்ப மரியாதையாக, ஹால் டிக்கெட் எப்போது தருவார்கள் என்று கேட்கிற குரலில் கேட்டாள். "எனக்காக எல்லாரும் சேந்து ஜெபிச்சீங்களாமே மேடம்." "எப்சி, நான் பேரு சொல்லலம்மா" என்றேன். நாற்பது வயசுப் பொம்பளை, மனோதத்துவம் படித்தவள், எனக்குச் சொல்லக் கிடைத்த பதில் இதுதான். அவள் சரி மேடம் என்றாள். பை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

பிரயாணத்துக்கு வந்துவிட்டார். வாகனத்தை, வழியை, டிரைவரை. கண்ணைத் திறந்துவிட்டேன், அம்மா இருந்தால் கிள்ளியிருப்பாள். எல்லோரும் மூடியிருக்கிறார்கள். பிரின்சிபாலின் கண்ணாடி மூக்கில் வழுக்கி நிற்கிறது. உபதேசியார் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, மழைத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. துரைசிங் அண்ணாச்சி ஒரு கையை உபதேசியாரின் தோளில் வைத்திருக்கிறார், இன்னொரு கையை எப்சிபாவின் தலைமேல் வைக்கவில்லை, இத்தனை பேர் முன்னால் வைக்கமாட்டார், அந்தக் கை அவர் வயிற்றின்மேல் சும்மா கிடக்கிறது, மோதிரம் போட்ட கை. எப்சிபா விழித்துக்கொண்டிருக்கிறாள். அவளை நான் பார்ப்பேன் என்று தெரிந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எவ்வளவு நேரமாகவோ. அந்தப் பார்வையில் கெஞ்சல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் எனக்கு உதவியாக இருக்கும். வெறுப்பு இருந்தாலும் உதவிதான். பஸ் ஸ்டாண்டில் வருகிற பஸ்ஸின் பலகையைப் படிக்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள், இது நம்ம ஊருக்குப் போகுமா, போகாதா. போகும் எப்சி, போகும், கொஞ்சம் பொறு, இவர் முடிக்கட்டும். முடித்ததும் முன்னால் வந்து, பிரின்சிபால் மேடம், இந்தப் பிள்ளை இன்றைக்குப் போகக் கூடாது, காரணத்தை உங்களிடம் தனியாகச் சொல்கிறேன் என்று சொல்லப்போகிறேன், அவ்வளவுதானே, ஒரே வாக்கியம். வேலை போனால் போகட்டும். வேறு ஊர் போய் ஷெரினை வேறு பள்ளியில் சேர்த்தால் போயிற்று. தகப்பன் என்ன ஆவான், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் ஆமென் என்றார், எல்லோரும் ஆமென் என்றார்கள், நான் மூச்சை இழுத்து வாயைத் திறக்கப்போகையில், கண்ணைத் திறக்காமலே பிரின்சிபால் அம்மா, "பியூலா, நீங்களும் ஒரு வார்த்தை ஜெபிச்சு முடிச்சிருங்க, பிள்ளைக்கு உங்கமேல ரொம்பப் பிரியம்லா" என்றார். குனிந்த தலைகள் குனிந்தபடியே நின்றன.

ஆண்டவரே, இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஜெபத்தை யாரும் குறுக்கே வெட்டமாட்டார்கள். துரைசிங்கும் வெட்டமாட்டார், வெட்ட முடியாது, நான் ஆமென் சொல்கிற வரைக்கும் இந்த அறை என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற இந்த மனுஷர்களின் காதில் என்ன வேண்டுமானாலும் விழவைக்கலாம், இந்தப் பிள்ளையை இந்தக் கைக்குத் தப்புவியும் என்று ஒரு வரி போதும், பிரின்சிபால் கண்ணைத் திறந்துவிடுவார். "அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தேன். ஆரம்பம் இப்படித்தான் இருக்க வேண்டும், எடுத்த எடுப்பில் சொன்னால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். "இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்." இது நல்ல வேளையா, சரி, வந்துவிட்டது, போகட்டும். "எங்கள் கையிலே நீர் கொடுத்த இந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கிறோம்." இதோ இப்போது. "தாயில்லாத பிள்ளை ஆண்டவரே." என் குரல் நடுங்குகிறது, உபதேசியார் விம்முகிறார், சொல், இப்போது சொல். "இவள் படுகிற பாடுகளை நீர் அறிவீர்." ஆண்டவர் அறிவார், பிரின்சிபால் அல்லவா அறிய வேண்டும். "இந்த அறையிலே" என்றேன். இந்த அறையிலே நிற்கிற ஒருவரால் என்று போக வேண்டும், நெஞ்சில் அந்த வார்த்தைகள் தயாராக நின்றன, துரைசிங்கின் செருப்பு லேசாகத் தரையில் தேய்ந்தது, "இந்த அறையிலே கூடியிருக்கிற எங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதியும்" என்று வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொல்லிற்று, செக்குமாட்டுக்கு வழி காட்ட வேண்டுமா. சரி, அடுத்த வரியில். "மகளை அழைத்துச் செல்ல வந்திருக்கிற தகப்பனைத் திடப்படுத்தும்." அடுத்த வரியில். "உதவியாக வந்திருக்கிற" என்று வாய் போகிறது, ஐயோ, "மூப்பர் அவர்களுடைய" நிறுத்து, நிறுத்து, நிறுத்தினால் என்ன சொல்வது, "பிரயாசத்துக்காக நன்றி சொல்கிறோம்." மோதிரக் கை வயிற்றின்மேல் அசையவே இல்லை. இன்னும் ஒரு வரி, இந்த ஒன்றில் சொல்லிவிடுகிறேன் எப்சி, நிச்சயமாக, "இப்பொழுதும் ஆண்டவரே, இவர்கள் புறப்பட்டுப் போகிற பிரயாணத்தை" என்று நான் இழுத்துக்கொண்டிருக்கையில், எதிரே இருந்து தெளிவாக, ஒரு நடுக்கமும் இல்லாமல், எப்சிபா சொன்னாள். "ஆமென்." ஒருத்தர் சொன்னால் மற்றவர்களுக்கும் வந்துவிடும், அது அப்படித்தான், துரைசிங் சொன்னார், உபதேசியார் சொன்னார், பிரின்சிபால் சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் தள்ளிவிட்டார். எப்சிபா குனிந்து பையை எடுத்து, ஜிப் திறந்திருந்த பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். "போவோமாப்பா" என்றாள். நான் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆமென் என்று வந்தது.